கிழமைகளை ஒப்பிக்கும் குழந்தைக்கு ‘நாளை’ ஏன் பிடிபடுவதில்லை?

கேள்வி இது: ஐந்தரை வயது மகள் ஞாயிறு தொடங்கிச் சனி வரைக்கும், ஜனவரி தொடங்கி டிசம்பர் வரைக்கும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள். ஆனால் “இன்னிக்கு என்ன கிழமை?” என்றால் வாயில் வந்ததைச் சொல்கிறாள். “நாளைக்குப் பாட்டி வீட்டுக்குப் போனோம்” என்கிறாள். காலண்டரைக் காட்டினால் விழிக்கிறாள். எப்படிச் சொல்லித் தருவது? இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வரிசை முழுதும் தெரிந்த பிள்ளைக்கு இது ஏன் தெரியவில்லை? அது புரிந்துவிட்டால் சொல்லித் தரும் வழி தானாகவே தெரியும். ஒப்பிப்பது பாட்டு மாதிரி, வாய்ப்பழக்கம். நன்றாகத் தெரிந்த பாட்டானாலும் ஏழாவது சொல் எது என்று கேட்டால் பெரியவர்களே முதலிலிருந்து முணுமுணுத்துத்தான் சொல்வோம். காலண்டர் பார்ப்பது வேறு வேலை. அந்த வரிசையில் இப்போது நாம் எங்கே நிற்கிறோம் என்பதையும், அந்த இடம் தினமும் ஒரு கட்டம் நகர்கிறது என்பதையும் பிடித்துக்கொள்ள வேண்டும். உங்கள் மகளுக்கு வரிசை வந்துவிட்டது, நகர்வது இன்னும் வரவில்லை. ஐந்தரை வயதில் இது இயல்புதான்.

‘திங்கள்’ என்ற பெயர் அந்த நாளை விட்டு நகராது. ‘நாளை’ ஒரு நாளிலும் ஒட்டாது. இன்று நாளை எனப்படுவது விடிந்தால் இன்றாகிவிடும், அதற்கு அடுத்த நாள் நேற்றாகிவிடும். ‘நான்’, ‘நீ’ என்பவையும் ஆளுக்கு ஆள் மாறுகிற சொற்கள்தாம். அவற்றைக் குழந்தைகள் சீக்கிரமே கற்றுவிடுகிறார்கள். காரணம், ஒரு நாளைக்கு நூறு முறை சொல்லி, நூறு முறையும் உடனுக்குடன் சரிபார்க்க முடிகிறது. ‘நாளைக்கு’ என்று சொன்னது சரிதானா என்று பார்க்க ஓர் இரவு கழிய வேண்டும். விடிந்ததும் குழந்தைக்கு நேற்றைய பேச்சு நினைவிருப்பதில்லை. ஆகவே நாம் செய்ய வேண்டியது, நேற்றைய பேச்சு கண்ணில் படும்படி ஏதாவது ஒன்றைச் சுவரில் விட்டுவைப்பது. கீழே சொல்லும் உபாயங்கள் எல்லாமே இதற்காகத்தான்.

உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் சொல்கிறேன். மூன்று, நான்கு வயதில் ‘நேற்று’ என்றால் முடிந்துபோன எதுவும், ‘நாளை’ என்றால் இனி வரும் எதுவும். போன வருடம் நடந்ததை ‘நேத்து’ என்று சொல்லும் குழந்தை பொய் சொல்லவில்லை, அதற்கு நினைவுக் கோளாறும் இல்லை. உளவியலாளர் கேத்தரின் டில்மன் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று முதல் எட்டு வயதுப் பிள்ளைகளை ஒரு கோட்டின்மேல் ‘நேற்று’, ‘நாளை’, ‘போன வாரம்’ போன்றவற்றைக் குறிக்கச் சொன்னார்கள். ஒரு சொல் கடந்ததா வரப்போவதா என்பது முதலில் வருகிறது. எவ்வளவு தூரம் என்பது வெகு தாமதமாகத்தான் வருகிறது. வரிசையைப் பின்னோக்கிப் பயன்படுத்துவது அதைவிடக் கடினம். வில்லியம் ஃபிரீட்மன் என்ற உளவியலாளர் கிழமை, மாதம் பற்றிய குழந்தைகளின் அறிவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். “மாதங்களைப் பின்னோக்கி எண்ணினால், இந்த இரண்டு மாதங்களில் முதலில் வருவது எது?” போன்ற கேள்விகள் பதின்ம வயது வரைக்கும் சிரமம் தருவதை அவர் காட்டினார். ஆக, முன்னோக்கிக் கேட்டால் சொல்லும் குழந்தை பின்னோக்கிக் கேட்டதும் திணறுவது சோம்பலால் அன்று. வயதுக் கணக்கு தோராயமானதுதான். ஓராண்டு முன்னே பின்னே ஆவது சாதாரணம்.

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. கிழமை, தேதி, நாள் மூன்றும் தனித்தனிச் சொற்கள். “இன்னிக்கு என்ன நாள்?” என்று கேட்டால் கிழமையைச் சொல்வதா, தேதியைச் சொல்வதா, விசேஷம் எதையாவது சொல்வதா என்று குழந்தைக்குத் தெரியாது. “என்ன கிழமை?”, “என்ன தேதி?”, “எத்தனை நாள்?” என்று பிரித்தே கேளுங்கள். முதல் சில மாதங்களுக்குக் கிழமை மட்டும் போதும். (இலங்கைத் தமிழில் கிழமை என்றால் வாரம். அந்த வழக்குள்ள வீடுகளில் வேறு சொல்லைத் தேர்ந்துகொண்டு, வீட்டில் எல்லாரும் அதையே சொன்னால் சரி.)

இன்னொரு வசதி வினைச்சொல். “நாளைக்குப் பாட்டி வீட்டுக்குப் போனோம்” என்பதை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். ‘போனோம்’ சரியாக இருக்கிறது. நடந்து முடிந்தது என்று குழந்தைக்குத் தெரியும், இறந்தகால வடிவமும் சரியாக வந்துவிட்டது. பிசகியது ‘நாளைக்கு’ மட்டும். எனவே வினையை நம்பி, சொல்லை மட்டும் மாற்றித் திருப்பிச் சொல்லுங்கள்: “ஆமா, நேத்து போனோம். பாட்டி என்ன குடுத்தாங்க?” அவ்வளவுதான். “தப்பு, நேத்துன்னு சொல்லு” என்று நிறுத்தினால் குழந்தை அடுத்த முறை அந்தச் சொல்லையே தவிர்த்துவிடும், நமக்கும் என்ன புரிந்திருக்கிறது என்பது தெரியாமல் போய்விடும்.

இனி வேலைக்கு வருவோம். மாதக் காலண்டரை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஏ4 தாளை நான்காக மடித்துக் கிழித்தால் அஞ்சலட்டை அளவில் நான்கு துண்டுகள் கிடைக்கும். நான்கு தாள்களிலிருந்து பதினாறு துண்டுகள், வேண்டியது பதினான்கு. இரண்டு வாரத்துக்கான கிழமைகளை எழுதி, ஒரு கயிற்றில் இடமிருந்து வலமாக, குழந்தையின் கண் உயரத்தில் வரிசையாகத் தொங்கவிடுங்கள். சிவப்பாக ஒரு துணிக் கிளிப் வாங்கிக்கொள்ளுங்கள். அதுதான் ‘இன்னிக்கு’. தினமும் காலையில் அதை ஒரு அட்டை வலப்பக்கம் நகர்த்த வேண்டும், அதைக் குழந்தையின் கைதான் செய்ய வேண்டும். பெரியவர் நகர்த்திவிட்டு “இன்னிக்கு என்ன?” என்று கேட்டால் குழந்தைக்கு அது இன்னொரு சுவர்ப்படம். தானே கிளிப்பை எடுத்து, நேற்று இருந்த இடத்தை விட்டு அடுத்ததில் மாட்டும்போதுதான் நகர்வது கைக்குத் தெரிகிறது.

ஏழு அட்டை போதாதா என்று தோன்றும். ஏழே இருந்தால் சனியன்று கிளிப் வலக்கோடியில் இருக்கும், மறுநாள் காலையில் இடக்கோடிக்குத் தாவும். அன்றைக்கு ‘நேற்று’ எங்கே என்று கேட்டால், பக்கத்தில் இருக்க வேண்டியது கயிற்றின் அந்தக் கோடியில் கிடக்கும். நேற்று எப்போதும் இடப்பக்கத்து அட்டை, நாளை எப்போதும் வலப்பக்கத்து அட்டை என்ற ஒரே விதி அங்கே உடைந்துவிடும். பதினான்கு இருந்தால் கிளிப் இரண்டாவது வாரத்துக்குள் நுழைந்துவிடும். அந்த வாரத்தின் நடுவில், புதன்கிழமை வாக்கில், முடிந்த ஏழு அட்டைகளையும் எடுத்து வலக்கோடியில் மாட்டிவிடுங்கள். அதையும் குழந்தையோடு சேர்ந்தே செய்யுங்கள். சனிக்குப் பின் மறுபடி ஞாயிறு வருவது, ஆனால் அது பழைய ஞாயிறு இல்லை என்பது, இப்படி மாட்டும்போது தெரியவரும்.

அட்டைகளில் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். காலண்டர்களில் ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று சுருக்கி அச்சிட்டிருக்கும். எழுத்துக் கற்கும் குழந்தைக்கு ‘வி’யும் ‘வெ’யும் ஒன்றுபோலத் தெரியும். வியாழனும் வெள்ளியும் பக்கத்துப் பக்கத்து நாள்கள் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். முழுப்பெயர் எழுதி, இந்த இரண்டை மட்டும் வேறு வேறு நிறத்தில் எழுதினால் போதும். ஏழுக்கும் ஏழு நிறம் தேவையா என்றால், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. “இன்னிக்கு நீலம்” என்று நிறத்தையே மனப்பாடம் செய்துவிடும் பிள்ளைகள் உண்டு. அதைவிட அந்த நாளில் உண்மையில் நடக்கும் ஏதாவது ஒன்றை வரைவது மேல்: நீச்சல் வகுப்பு, நூலகம், விளையாட்டு உடை போடும் நாள், லீவு. ஏழு அட்டைக்கும் படம் வேண்டாம். இரண்டு மூன்று போதும். மற்ற நாள்கள் ‘நூலகத்துக்கு முன்னாடி நாள்’, ‘லீவுக்கு அடுத்த நாள்’ என்று அவற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

தினமும் இரண்டு நிமிடம், மூன்று கேள்வி. அதற்குமேல் வேண்டாம். முதல் இரண்டு வாரம் “இன்னிக்கு என்ன கிழமை?” மட்டும், கிளிப்பைப் பார்த்துச் சொல்லலாம். பார்க்காமல் சொல்ல வேண்டும் என்று கேட்காதீர்கள்; பார்த்துச் சொல்வதுதான் பாடம். அடுத்து “நேத்து என்ன கிழமை, நேத்து என்ன பண்ணினோம்?” கிழமையோடு செயலையும் சேர்த்தே கேட்க வேண்டும். முடிந்தால் முந்தைய நாள் மாலையில் அந்த அட்டையில் ஒரு சின்னப் படம் வரைய விடுங்கள்: மழை, காய்ச்சல், வீட்டுக்கு வந்த மாமா. மறுநாள் அதுவே ‘நேற்று’க்குச் சாட்சி. அப்புறம்தான் ‘நாளைக்கு’. முந்தாநாள், நாளைக்கு மறுநாள் எல்லாம் இவை தடுமாற்றமில்லாமல் வந்தபின் இரண்டு அட்டை தள்ளிக் காட்டினால் போதும், தனியாகச் சொல்லித் தர வேண்டியிருக்காது. பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் கிளிப்பைப் பார்த்துச் சரியாகச் சொல்வார்கள். பார்க்காமல் சொல்வதற்கு இன்னும் பல மாதம் ஆகலாம், அவசரம் இல்லை.

“வர்ற வெள்ளி”, “அடுத்த வெள்ளி” என்பதில் பெரியவர்களே ஒத்துப்போவதில்லை. புதன்கிழமையன்று ‘அடுத்த வெள்ளி’ என்றால் சிலருக்கு இரண்டு நாள், சிலருக்கு ஒன்பது நாள். குழந்தையிடம் ‘இந்த வாரம் வெள்ளி’, ‘அடுத்த வாரம் வெள்ளி’ என்றே சொல்லி, அட்டையைத் தொட்டுக் காட்டுங்கள்.

நாள்தோறும் கிழிக்கும் காலண்டர் நல்லதா என்றும் கேட்கலாம். கிழிப்பது குழந்தைக்குப் பிடித்த வேலை, ஒரு நாள் முடிந்தது என்பதும் கையில் தெரியும். குறை என்னவென்றால், நேற்று குப்பைக்கூடைக்குப் போய்விடுகிறது. மாதக் காலண்டரில் எல்லா நாளும் இருக்கும், ஆனால் எதுவும் நகராது. கிழித்த தாள்களை வீசாமல் சுவரில் இடமிருந்து வலமாக ஒட்டிக்கொண்டே வந்தால் இரண்டின் குறையும் தீரும்.

மாதக் காலண்டருக்கு ஆறு, ஆறரை வயதில் வரலாம். அதில் குழந்தையைக் குழப்புவது எண் அன்று, மடிப்பு. நேராக ஓடும் நாள்களை ஏழேழாக மடித்து அடுக்கியிருக்கிறோம் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. முதல் வரிசையில் ஏன் காலிக் கட்டம், 4க்குப் பக்கத்தில் 5 இல்லாமல் ஏன் கீழே இறங்கி இடக்கோடிக்குப் போக வேண்டும் என்று குழந்தை திகைக்கிறது. இதை மடித்துக் காட்டிவிடலாம். ஓர் ஏ4 தாளை நீளவாக்கில் 3 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டினால் ஏழு பட்டை வரும். ஒவ்வொன்றிலும் 3 செ.மீ. கட்டம் ஒன்பது, முனையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் இடம் மிஞ்சும். நான்கு பட்டைகளை ஒட்டினால் 36 கட்டம், அதில் 31 போதும். 2025 ஜனவரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1ஆம் தேதி புதன். ஒவ்வொரு கட்டத்திலும் தேதியும் கிழமையும் எழுதித் தரையில் நீளமாக விரித்து, குழந்தையை ஒவ்வொரு நாளாகத் தொட்டுக்கொண்டே போகச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு சனிக்கும் பின்னால் கத்தரிக்கோலால் வெட்டுங்கள்: 4, 11, 18, 25ஆம் தேதிகளுக்குப் பின். ஐந்து துண்டு கிடைக்கும். அவற்றைக் கிழமைக்கு நேராகக் கிழமை வரும்படி ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கச் சொல்லுங்கள். முதல் துண்டில் நான்கே கட்டம் இருப்பதால் இடப்பக்கம் மூன்று கட்டம் காலியாகும். கடைசித் துண்டு 31, வெள்ளியோடு நின்றுவிடும், சனி காலி. அந்தக் காலியிடத்தில் பிப்ரவரி 1ஐ வைத்துக் காட்டுங்கள். மாதம் முடிந்தால் வாரம் முடிவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் வழி எனக்குத் தெரியாது. இந்த வேலைக்கு 2026 பிப்ரவரி போன்ற மாதத்தை மட்டும் எடுக்காதீர்கள். அது ஞாயிறில் தொடங்கிச் சனியில் முடிந்து, 28 நாளும் நான்கு முழு வரிசையாக அழகாக உட்கார்ந்துவிடும். எல்லா மாதமும் இப்படித்தான் என்று குழந்தை நினைத்துவிடும்.

வீட்டுக் காலண்டர் ஞாயிறில் தொடங்குகிறதா திங்களில் தொடங்குகிறதா என்று பாருங்கள். ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரம் திங்களை வாரத்தின் முதல் நாளாக வைக்கிறது. ஃபோன் காலண்டர்களில் இரண்டும் உண்டு. எது வேண்டுமானாலும் இருக்கட்டும், குழந்தை பார்க்கும் எல்லாக் காலண்டரிலும் ஒன்றாக இருந்தால் போதும்.

துண்டுகளை அடுக்கிய பிறகு வெள்ளிக் கிழமைகளை மட்டும் மேலிருந்து கீழே வாசிக்கச் சொல்லுங்கள்: 3, 10, 17, 24, 31. ஏழு ஏழாகக் கூடுவதைத் தானே கண்டுபிடிக்க விடுங்கள்.

எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணுவதில் ஒரு பிழை தவறாமல் வரும். இன்று திங்கள், வெள்ளியன்று சுற்றுலா. குழந்தை திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று விரல்விட்டு எண்ணி “அஞ்சு நாள்” என்னும். சரியான விடை நான்கு. குழந்தைக்கு எண்ணத் தெரியாமல் இல்லை, நிற்கிற கட்டத்தையும் சேர்த்து எண்ணிவிட்டது. “எத்தனை தடவை தூங்கி எந்திரிக்கணும்?” என்று கேளுங்கள். தூக்கம் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருப்பதால் கணக்கு தானாகச் சரியாகும். தரையில் பட்டையை விரித்துக் குதிக்கச் சொல்வதும் நல்லது: திங்கள்மேல் நிற்கும்போது எண்ணக்கூடாது, குதித்து இறங்கியபின் ‘ஒண்ணு’. ஆனால் “திங்கள் முதல் வெள்ளி வரை எத்தனை நாள் லீவு?” என்றால் விடை ஐந்து. இரண்டும் சரியான கேள்விகள், விடை வேறு. இந்த வேறுபாட்டை ஏழு வயதுக்கு முன் வற்புறுத்த வேண்டாம். முதல் வகைக் கேள்வியில் பழகியபின் ஒருநாள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, ஏன் மாறியது என்று குழந்தையையே சொல்ல விடுங்கள்.

மாதங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஐந்து வயதுக் குழந்தைக்கு மாதம் என்பது அனுபவத்தில் இல்லாத நீளம். பெயர்களைப் பாட்டாகத் தெரிந்துகொள்வதில் குற்றமில்லை, பின்னால் உதவும். ஆனால் அதைப் புரிதல் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். பன்னிரண்டு தாள்களை ஒரு சுவரில் நீளமாக ஒட்டி, வீட்டில் உள்ளவர்களின் பிறந்தநாளை மட்டும் குறித்து வைத்தால் போதும். (விழா கொண்டாடினால்தான் வயது ஏறும் என்று நம்பும் குழந்தைகள் நிறைய. தேதி மாறினாலே வயது ஏறும் என்பதை இந்தச் சுவர் மெல்லச் சொல்லித் தரும்.) வட்டமாக அடுக்குவது அழகுதான். ஆனால் போன ஜனவரியும் வரும் ஜனவரியும் ஒன்றே என்ற எண்ணம் வரலாம். ஏழு வயதுக்குப் பின் வட்டம் போடலாம். 30, 31 கணக்குக்கு விரல்முட்டி எட்டு வயது வாக்கில் சரிவரும். கையை மூடி, ஆள்காட்டி விரலின் முட்டி ஜனவரி, அடுத்த பள்ளம் பிப்ரவரி என்று போனால் சுண்டுவிரல் முட்டி ஜூலை. இங்கேதான் பிள்ளைகள் சறுக்குவார்கள்: அடுத்தது பள்ளம் என்று நினைத்து ஆகஸ்டுக்கு 30 சொல்வார்கள். ஆகஸ்ட் மறுபடி ஆள்காட்டி விரல் முட்டியிலிருந்து தொடங்குகிறது. ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் 31.

வகுப்பறையில் காலை நேரம் கால்மணி நேரம் எல்லாரும் சேர்ந்து “இன்று புதன்கிழமை, நேற்று செவ்வாய்க்கிழமை” என்று கோரஸாகச் சொல்வது இதற்கு உதவுமா? ஐந்து வயதுக்குக் கீழே பெரிய பயன் இல்லை என்பதுதான் என் கருத்து. குழந்தைக் கல்வி அறிஞர் லிலியன் காட்ஸ் உள்ளிட்ட மூவர் 2008இல் எழுதிய கட்டுரையும் இந்தக் காலைப் பழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. கூட்டத்தில் இரண்டு பேர் பதில் சொல்வார்கள், மற்றவர்கள் வாயசைப்பார்கள். ஆசிரியராக இருந்தால் அந்த நேரத்தில் ஒரு குழந்தையைக் கிளிப் நகர்த்த விட்டு, நேற்று வகுப்பில் நடந்த ஒன்றை அதன் வாயால் சொல்ல வையுங்கள். நாளை வேறு குழந்தை.

கவலைப்பட வேண்டிய இடமும் உண்டு. எட்டு வயது தாண்டியும், தினமும் பழகியும், நேற்று-நாளை மாறிக்கொண்டே இருந்தால், கூடவே சொன்ன வேலைகளை வரிசையாகச் செய்வதிலோ எழுத்துக் கூட்டி வாசிப்பதிலோ தடுமாற்றம் இருந்தால், ஆசிரியரிடமும் குழந்தை மருத்துவரிடமும் பேசுங்கள். மாதங்களை வரிசையாகச் சொல்லத் தடுமாறுவது வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படும். அது ஒன்றை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. எழுதிக் கேட்ட ஒரு கேள்வியை வைத்து அதை யாரும் தீர்மானிக்கவும் கூடாது. மருத்துவரிடம் போகும்போது, எந்தச் சொல்லை எங்கே மாற்றிச் சொல்கிறாள் என்று இரண்டு வாரத்துக்குக் குறித்துக்கொண்டு போங்கள். அந்தக் குறிப்பில் வினைச்சொல் சரியாக இருந்ததா என்பதையும் எழுதுங்கள்.